வெளுத்துப்போன சரடு

காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாள் நெருங்கினால் பட்டு எடுக்க வருகிற கூட்டத்தில் பாதி நகைக்கடைகளுக்குள்ளும் நுழைந்துவிடும். புதுசு வாங்குகிறவர்கள் முன்பக்கம் நாற்காலியில் உட்காருவார்கள். பழைய நகையைக் கழுவிக்கொண்டு போக வந்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே, சுகாசினியின் மேசை முன்னால் நிற்பார்கள்.

பதினோரு வருடமாக அந்த மேசை அவளுடையது. தோட்டின் கல்லுக்குப் பின்னால் சேர்ந்த எண்ணெயும் பவுடரும், வளையலின் வெட்டுக்குள் காய்ந்த மாவு, திருகாணியில் சுற்றிய முடி என்று எல்லா அழுக்கையும் அவள் பார்த்திருக்கிறாள். வெறும் தங்கமென்றால் கழுவுகிற மெஷினில் போடுவாள். முத்தும் பவளமும் பச்சைக்கல்லும் மெஷின் பக்கமே போகாது. மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து துடைப்பதோடு சரி. மற்றதற்கெல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் குழந்தைகளின் பல் பிரஷ்ஷும்.

கையோடு வாயும் ஓடும். "அக்கா, தலைக்கு ஷாம்பு போடும்போது கழட்டி வெச்சிடுங்க." "செண்ட் அடிச்சிக்கினு, அது காஞ்சப்புறம் முத்து மாலையைப் போடுங்கமா." நகையைப் பார்த்தே அது என்ன பாடு பட்டது என்று சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சுகாசினியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கழுத்திலிருந்த தாலிச் சரடை ஜாக்கெட்டுக்கு வெளியே எடுத்துக் காட்டினாள்.

"இத பாருமா. ரெண்டு நாளா இப்பிடி வெளுத்துக்கினே போவுது. எவ்ளோ தேச்சாலும் போவல."

சரடின் முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியம் போல இருந்தது. பின்பக்கம் பளிச்சென்ற மஞ்சள். சுகாசினி அதைக் கழற்றித் தரச் சொன்னாள். அந்தப் பெண், கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டு சரடைக் கொடுத்தாள். சுகாசினி அதை மெஷினில் போட்டாள். தேய்த்தாள். மறுபடி போட்டாள். வெள்ளை அசையவில்லை.

பின்னால் ஒருத்தி, "எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சிமா" என்றாள்.

சுகாசினி சரடை வெளிச்சத்தில் பிடித்தாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது தங்கம் இல்ல. கவரிங்குதான் இப்படி மேல்பூச்சு போய் வெளுக்கும்."

சத்தமாகத்தான் சொன்னாள். கூட்டத்துக்கு நடுவில் வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. "எங்கம்மா வூட்ல போட்டதுமா. பதினெட்டு வருஷம் ஆவுது."

"நடுவுல யார் கையிலயாவது குடுத்தீங்களா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் கொக்கி அறுந்துபோச்சு. எங்க வூட்டுக்காரருதான் பத்தவைக்க எடுத்துக்கினு போனாரு."

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சரடைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டாள். கடையில் உரைகல்லில் தங்கத்தை உரசிப் பார்க்கிறவர் திருஞானசம்பந்தம். நாலு தப்படி தள்ளித்தான் அவர் மேசை. அன்றைக்கு அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். பேர் ராஜவேலு, ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்தச் சரடைப் பேப்பரில் மடித்து வைத்திருந்தார்.

"எம்மா, நீதானே எம் பொண்டாட்டி அம்சாகிட்ட இது தங்கம் இல்லன்னு சொன்னது?"

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று சுகாசினி எழுந்து நின்றாள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீ சொன்னதுல தப்பு இல்லாமக்கூட இருக்கலாம். பத்தவெச்சவன் மாத்திட்டானான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது. ஆனா நான் மாத்தலமா. வூட்ல எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. நல்லா உரசிப் பாத்து எதுன்னாலும் சொல்லிடு."

"உரசறவரு லீவுண்ணா. பொண்ணு வூட்டு விசேஷம். திங்கக்கிழமைதான் வருவாரு."

"முன்னால ஏதோ மெஷின்ல வெச்சுத் தங்கமான்னு பாக்கறாங்களே?"

"அது புது நகைக்கு மட்டும்" என்றாள். அது முழுப் பொய்யில்லை. முதலாளியின் மகனிடம் போய்க் கேட்க வேண்டும், அவன் முகத்தைச் சுளிப்பான், அவ்வளவுதான்.

ராஜவேலு சரடை ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். போகிறவர் திரும்பினார். "அவளுக்கு ஒரு போன் போட்டுத் தரட்டாமா? திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோன்னு நீயே ஒரு வார்த்த சொல்லிடேன். நான் சொன்னா கேக்க மாட்டா."

"கூட்டமா இருக்குதுண்ணா."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "ஆமா, நீயும் இன்னா பண்ணுவ" என்று சிரித்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் சம்பந்தம் சரடைக் கையில் வாங்கியதுமே, உரைகல்லை எடுக்காமலே சொன்னார். "எடை சொல்லுதே. இது தங்கம்மா." பிறகு உரசியும் பார்த்தார். நல்ல தங்கம். "பாதரசம் பட்டிருக்குது. பட்ட மாத்திரத்துல தங்கத்த வெளுக்க வெச்சிடும். இந்தம்மா ஆஸ்பத்திரில வேலை பாக்குதா?"

சுகாசினிக்குத் தெரியவில்லை. எல்லாரிடமும் ஷாம்பு, செண்ட் என்று கேட்கிற அவள், அம்சாவிடம் அதைக் கேட்கவே இல்லை.

"தட்டான்கிட்ட குடுத்துப் பக்குவமா அனல் காட்டினா போயிடும். வீட்ல யாராவது அடுப்புல வெச்சிடப் போறாங்க, அந்தப் புகை ஆள முடிச்சிடும். மத்த நகையோட சேத்தும் வெக்கச் சொல்லாத" என்றார் சம்பந்தம்.

அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வந்ததும் சொல்லிவிடலாம், மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜவேலு வரவில்லை. சீட்டிலிருந்த நம்பருக்கு அடித்தாள், அணைத்து வைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை யாரோ எடுத்தார்கள்.

"நான் அவரு தம்பி ராமராஜன் பேசறேன். அண்ணன் சனிக்கெழம தவறிட்டாருங்க. தென்னேரி ஏரிக்கரை வளைவுல வண்டி கவுந்துடுச்சு."

சுகாசினி போனை மேசைமேல் வைத்தாள். முன்னால் நின்ற அம்மாள் கொலுசை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார். "தம்பிய வரச் சொல்லி சரட குடுத்துடு. தங்கம்தான்னு சொல்லு, போதும். நாம முன்னால இன்னா சொன்னோம்னு எதுக்கு இப்ப?" வீட்டில் அவள் புருஷன் வசந்தும் ஏறக்குறைய அதையே சொன்னான். "துக்க வூட்ல போயி இத வேற சொல்லி, அந்தம்மா வயித்தெரிச்சல எதுக்குக் கொட்டிக்கிற?"

அவள் ராத்திரி சாப்பிடவில்லை. புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு ஐயம்பேட்டைக்கு ஆட்டோ ஏறினாள்.

அம்சாவின் தெருவில் சாவுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அம்சா கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அதே மஞ்சள் கயிறு. பத்தாம் நாள் வரைக்கும் அது இருக்கும். பக்கத்தில் மகள் துர்கா, பன்னிரண்டாவது படிக்கிற பெண். உள்ளே ராஜவேலுவின் அம்மா ஜெயம்மாள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

சுகாசினி சரடை எடுத்துத் தரையில் வைத்தாள். வழியெல்லாம் யோசித்துவைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"இது தங்கந்தான்கா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். பாதரசம் பட்டிருக்குது."

அம்சா சரடைத் தொடவில்லை. "நான் வேலை பாக்கற கிளினிக்குல பி.பி. பாக்கற பழைய பொட்டி ஒடஞ்சிது. உள்ள இருந்த ரசம் குட்டிக் குட்டியா ஓடுச்சு. நான்தான் குனிஞ்சி குனிஞ்சி கையால அள்ளி பாட்டில்ல போட்டேன்." பிறகு, "அப்போ அவரு மாத்தல" என்றாள்.

"மாத்தலக்கா. வியாழக்கிழமை அவரு கடைக்கு வந்தாரு. உங்களுக்குப் போன் போட்டு, திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லுன்னு எங்கிட்ட கேட்டாரு. நான் கூட்டமா இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. துர்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சுகாசினி தலை குனிந்துகொண்டாள்.

அம்சா சரடையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அஞ்சு நாளு தட்ட வெச்சிட்டு நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன். பாதி துன்ட்டு கைய கழுவிடுவாரு. சனிக்கெழம கெளம்பும்போது வாசல்ல நின்னு, 'திங்கக்கெழம எல்லாம் தெரிஞ்சிடும் அம்சா'ன்னாரு. 'தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது'ன்னேன். அதான் நான் அவராண்ட கடைசியா பேசுனது."

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"நீ எங்கிட்ட கேட்டுட்டமா. நான் யாராண்ட போயி கேக்கறது?"

சுகாசினி அழுதாள். அம்சா அழவில்லை. அழுகையெல்லாம் முன்னமே தீர்ந்துபோயிருந்தது போல உட்கார்ந்திருந்தாள். சுகாசினி புறப்படும்போது மட்டும் கூப்பிட்டாள்.

"தெருவுல ஒரு வூடு பாக்கி இல்லாம சொல்லிட்டேன், எம் புருஷன் சரட மாத்திட்டான்னு. ஆட்டோ ஸ்டாண்டுலயும் போயி சத்தம் போட்டேன். வர்ற திங்கக்கெழம பத்தாம் நாளு, எங்க ஊரு ஏரிக்கரையில. எல்லாரும் வருவாங்க. நீ வந்து சொல்லுவியா? எனக்காக இல்ல."

"வரேன்கா."

மேனேஜரிடம் அவள் கேட்கவில்லை. திங்கட்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். பிண்டம் கரைத்துவிட்டு ராமராஜன் மொட்டைத் தலையோடு கரையேறி வந்தார். ஸ்டாண்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காக்கிச் சட்டையோடு புளியமரத்தடியில் நின்றார்கள். பெண்கள் ஒருபக்கம். அவர்கள் நடுவே அம்சா, தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக, கடைசி முறையாக. கயிற்றை அறுப்பதற்கு முன்னால் அவள் சுகாசினியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சுகாசினி முன்னால் வந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் நகைக்கடையில வேலை செய்யறவ. ராஜவேலு அண்ணன் சரட மாத்தல. அது நல்ல தங்கம். கிளினிக்குல பாதரசம் பட்டு வெளுத்துப்போச்சு. உரசிப் பாக்காம, கவரிங்குன்னு நான்தான் வாய்க்கு வந்தத சொன்னேன். தப்பு அவருமேல இல்ல, அக்காமேலயும் இல்ல. எம்மேலதான்."

கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "போன உசுரு திரும்பி வந்துடுமாமா இதனால?" என்று கேட்டார். ஸ்டாண்டு ஆட்களில் ஒருவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜெயம்மாள் எழுந்தாள். மகன் செத்த நாளிலிருந்து மருமகளோடு ஒரு வார்த்தை பேசாதவள். சுகாசினியைத் திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் நேராக அம்சாவிடம் போய், பூ வைத்த அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள திருடமாட்டான்னு எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியாமப் போச்சேன்னுதான் நான் இத்தினி நாளா..." என்றவள் முடிக்கவில்லை. அப்போதுதான் அம்சா வாய்விட்டு அழுதாள். அந்தச் சத்தத்தில் கரையில் மேய்ந்த கொக்குகள் எழும்பின. கயிற்றை அறுக்கப் பெண்கள் புடவையை விரித்து மறைத்தார்கள். அதற்குமேல் பார்க்க முடியாமல் சுகாசினி கரையிலிருந்து இறங்கி நடந்தாள்.

கடையில் விஷயம் தெரிந்து மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையிலிருந்து நிறுத்தவுமில்லை. மாத முடிவில் ராமராஜன் சரடைக் கொண்டுவந்து, அண்ணி சுத்தம் செய்யச் சொன்னதாகக் கொடுத்துவிட்டுப் போனார். சம்பந்தம் அதைத் தனக்குத் தெரிந்த தட்டானிடம் அனுப்பினார். மஞ்சள் நிறம் திரும்பி வந்தது. ஆனால் பாதரசம் தின்ற இடம் மட்டும் சொரசொரவென்று பள்ளம் பள்ளமாக நின்றது. சுகாசினி மூன்று நாள் அதை மெருகேற்றினாள். ஓரளவுக்குத்தான் படிந்தது.

வாங்கிக்கொண்டு போகத் துர்கா வந்தாள், பள்ளிக்கூடத்துச் சீருடையில். சீட்டில் கையெழுத்துப் போட்டாள். சரடைத் தடவிப் பார்த்துவிட்டு, பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அம்மா எப்படி இருக்குறாங்க?"

"கிளினிக்குக்குப் போறதில்ல. வூட்ல ஆயாவும் அம்மாவும் சேந்து சாப்பிடறாங்க."

சுகாசினிக்கு இன்னும் என்னவோ கேட்க வேண்டியிருந்தது. துர்கா பையை மூடி மாட்டிக்கொண்டாள்.

"அம்மா உங்கள வரச் சொல்லல ஆன்ட்டி. வரவேணாம்னும் சொல்லல."

சொல்லிவிட்டுப் படியிறங்கி, வெயிலில் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனாள்.