பதினேழாம் நம்பர் பெட்டி

சி போனாலும் டி போகாது. டோமினிக் மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்தது இதுதான். டிரஸ்ட் ஆஸ்பத்திரிக்கு விழுப்புரத்தில் நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், திண்டிவனம் கிளையில் முப்பத்தெட்டு. இத்தனையையும் கட்டி மேய்க்க அவன் ஒருத்தன்தான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இடத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான். சி-யில் விண்டோஸ், டி-யில் அவரவர் சமாச்சாரம். பெட்டி படுத்துக்கொண்டால் சி-யை மட்டும் அழித்துப் புதிதாகப் போடுவான். டி அப்படியே இருக்கும். நர்சுகள், லேப் பெண்கள், மருந்துக் கடைக்காரர்கள் எல்லோரும் டி டிரைவை பேங்க் லாக்கர் மாதிரி நம்பினார்கள்.

திண்டிவனத்தில் பதிவு கவுண்டரில் சீட்டுப் போடும் சகாயசெல்வி மற்றவர்களைவிட அதிகமாக நம்பினாள். அவளுடைய மகன் இருதய அருண் 2008 பிப்ரவரியில் மூளைக்காய்ச்சலில் செத்துப்போனான். நாலு வயசு. லாரி ஓட்டும் அவள் புருஷன் சவுரிராயன், போனில் இருந்த பையனின் படங்களை ராவும் பகலும் பார்த்து அவள் அழுவதைச் சகிக்கமாட்டாமல், எல்லாவற்றையும் அழித்துவிடுவேன் என்று நின்றான். சொன்னால் செய்கிற ஆள். அதற்கு முன்னால் அவள் மெமரி கார்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அன்றைக்குக் கிளைக்கு வந்திருந்த டோமினிக்கிடம் வந்துவிட்டாள்.

"சிடியில போட்டுத் தரட்டுமாக்கா?"

"வூட்ல எங்க வெப்பேன்? அந்தாளு கண்ணுல பட்டா ஒடச்சிப் போட்டுருவாரு. இங்கியே என் பொட்டியில இருக்கட்டும். போயிடாதுல்ல தம்பி?"

"டி-யில போட்டா எங்கக்கா போவும்? நான் இருக்கிற வரைக்கும் போவாது."

நாற்பத்து மூன்று படம். ஆபீஸ் பெட்டியில் சொந்தப் படம் வைக்கக்கூடாது என்று விதி இருந்தது. விதியை எழுதி ஒட்டியவனே டோமினிக்தான். அன்றைக்கு அவனே போட்டுக் கொடுத்தான். சவுரிராயன் அன்று சாயங்காலமே கார்டைத் துடைத்தான். வீட்டுச் சுவரில் மிச்சம் இருந்தது பால்வாடிக்காக எடுத்த படம் ஒன்று. அதில் பையன் அடி வாங்கியவன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பான். சிரிக்கிற பையன் ஆஸ்பத்திரிப் பெட்டியில் மட்டும் இருந்தான். செல்வி தினமும் கவுண்டர் திறப்பதற்குக் கால் மணி முன்னால் வருவாள். ஒரு படம் பார்ப்பாள். ஒன்றே ஒன்று. மூடிவிட்டுக் கவுண்டர் கண்ணாடியைத் தூக்குவாள்.

அடுத்த பிப்ரவரியில் வைரஸ் வந்தது. விழுப்புரம் லேபில் யாரோ பாட்டு ஏற்றிக்கொண்டு வந்த பென்டிரைவில் வந்தது. மூன்றே நாளில் நூற்றைம்பது பெட்டியிலும் ஏறிவிட்டது. டிரஸ்ட் முறையாக வாங்கிய விண்டோஸ் இருபது. மீதி எல்லாவற்றுக்கும் ஒரே திருட்டு சிடிதான். அப்படிப் போட்டவற்றுக்குக் கம்பெனி அனுப்பும் தடுப்பு வராது. டோமினிக் வழக்கம்போல சி-யை அழித்துப் போட்டான். யாராவது டி-யைத் திறந்ததும் வைரஸ் திரும்பி வந்தது. மறுபடி அழித்தான், மறுபடி வந்தது. எல்லோரும் நம்பிய டி-க்குள்தான் அது குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

நிர்வாகி சீனுவாசன் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"இன்னாபா, மூணு நாளா ஓபி சீட்ட கையில எழுதிக்கினு கீறோம். பேஷண்டு வந்து கத்துறான். திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு எல்லாம் ஓடணும். ஜல்தி பாரு. முடியலன்னா சொல்லு, மெட்ராஸ்லேர்ந்து ஆள் கூட்டாறேன்."

"முடியும் சார். டி-யையும் சேர்த்து தொடச்சாத்தான் முடியும்."

"தொடையேன். யாரு வாணாம்னா?"

வேண்டியதை எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எடுத்துக்கொள்ளச் சொல்லி வெள்ளிக்கிழமை மத்தியானம் நோட்டீஸ் ஒட்டினார்கள். செல்வி வியாழக்கிழமையே கண்டமங்கலத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை பையனுக்கு முதல் வருஷப் பூசை.

டோமினிக்குக்கு அது ஞாபகம் இருந்தது. மறந்திருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை காலை போனைக் கையில் எடுத்தான். கோயிலில் இருப்பாள், இந்த நாளில் போய்ப் படத்தைப் பற்றி ஏன் கேட்கவேண்டும் என்று வைத்துவிட்டான். விழுப்புரத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ரிஜிஸ்தரைப் புரட்டினான். சகாயசெல்வி, பதிவு கவுண்டர், பதினேழாம் நம்பர். நெட்வொர்க்கில் பதினேழு என்று பெயர் போட்ட பெட்டியைப் பிடித்து, அதன் டி-யிலிருந்து படங்களை மட்டும் இழுத்தான். ஐம்பத்தொரு படம் வந்தது. நடுவில் இன்னும் கொஞ்சம் சேர்த்திருப்பாள் போல என்று நினைத்தான். 'செல்வி அக்கா' என்று பெயர் போட்டு வைத்தான். திறந்து பார்க்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு இன்னும் நூறு பெட்டி பாக்கி இருந்தது.

திருவக்கரைப் பக்கத்துக் குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் ஆட்களை எண்ணுவார்கள். ஏட்டில் எண்ணமாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து எண்ணுவார்கள். டோமினிக்கின் அப்பா முப்பது வருஷம் அங்கே கல் உடைத்து, கைகால் முழுசாக வீடு வந்து சேர்ந்தார். மகன் ஏட்டைப் பார்த்து எண்ணினான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறித் திண்டிவனம் வந்தான். சும்மா அழித்தால் வைரஸ் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்ற பயத்தில், ஹார்ட் டிஸ்கின் முதலிலிருந்து கடைசிவரை பூஜ்யமாகவே எழுதும் சிடி ஆறு வைத்திருந்தான். ஆறு ஆறு பெட்டியாகப் போட்டான். அட்டெண்டர் முத்துசாமி கூடவே நடந்து டீ வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு முப்பத்தெட்டும் சுத்தமாக எழுந்து நின்றன. ஒன்றில்கூட வைரஸ் இல்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக டோமினிக் சிரித்தான்.

செல்வி வருவதற்கு முன்னால் படங்களை அவள் பெட்டியில் திரும்ப வைத்துவிடலாம் என்று கவுண்டரில் உட்கார்ந்து அந்த ஐம்பத்தொன்றைத் திறந்தான். சினிமா நடிகைகள், முருகர், ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங், மருந்துக் கடைக்காரரின் புது பைக்.

"அண்ணே. இது மருந்துக்கட பொட்டியாச்சே. செல்வி அக்கா பொட்டி எது?"

முத்துசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீ உக்காந்துக்கினு கீறதுதான்பா பாப்பாவோடது."

"இது பதினேழுதானே?"

"ஸ்டிக்கர் டீவிலதான ஒட்டிக்கீது? அடிப்பொட்டி வேற."

அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார். தை மாசம் வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு சீனுவாசன் பதிவு கவுண்டரைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றினார். முத்துசாமிதான் மருந்துக் கடைப் பெட்டியையும் சேர்த்து ஒரே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். எல்லாம் ஒரே கறுப்பு, மாற்றி வைத்துவிட்டார். மறுநாள் காலை செல்வி டி-யைத் திறந்தாள். பையன் இல்லை. மூடி மூடித் திறந்து தேடினாளாம். முத்துசாமி மருந்துக் கடையில் இருந்த பெட்டியைத் தேடிப் பிடித்து அவளிடமே கொண்டுவந்து மாட்டினார். ஆனால் நெட்வொர்க்குக்காக வைக்கும் பெயர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. கவுண்டர் மாறிய அன்றைக்கே டோமினிக், திரையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து எந்தப் பெட்டி எங்கே என்று மறுபடி பெயர் போட்டிருந்தான். அதற்குப் பிறகுதான் இந்த இரண்டு பெட்டியும் திரும்ப இடம் மாறின. பதினேழு என்ற பெயர் மருந்துக் கடைக்குப் போய்விட்டது.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஏட்ல எழுதுவ. சாரு பார்த்தா, சொந்தப் படம் எதுக்குன்னு பாப்பாவ திட்டுவாரு. உன்னியும் திட்டுவாரு. எதுக்குடா பேஜாருன்னு..."

டோமினிக் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான். அழித்த படங்களைத் தேடியெடுக்கும் சாப்ட்வேரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். பூஜ்யம் எழுதிய டிஸ்கில் எதுவும் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு செல்வி வந்தாள். பையில் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தாள். "மல்லாட்ட. எங்கம்மா குடுத்தாங்க. துன்னு. நேத்தெல்லாம் சோறுகூட துன்னாம வேல பார்த்தியாமே, முத்துசாமி அண்ணன் வாசல்ல சொன்னாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு மௌசில் கை வைத்தாள்.

"அக்கா. தொறக்காதீங்க."

நின்றபடியே சொன்னான். போனை எடுத்துப் பேசாமலே வைத்தது, நம்பர் மாறியது, பூஜ்யம், எதையும் விடவில்லை. முத்துசாமி பெயரை மட்டும் விட்டுவிட்டு, தப்பு தன்னுடையது என்றான். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்கள் வரிசை கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"எல்லாம் போச்சா? ஒண்ணுகூட இல்லியா?"

"இல்லக்கா."

அவள் கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று அவனுக்கு இருந்தது. மௌசிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அன்னிக்கு கார்டுலேர்ந்து ஏத்தறப்ப நீ ஒண்ணொண்ணா பார்த்த இல்ல?"

"பார்த்தேங்கா."

"சொல்லு."

"வண்டி டேங்க் மேல குந்திக்கினு ஹேண்டில புடிச்சிருப்பான். அப்புறம், ஆட்டுக்குட்டி. அது திமிரும், இவன் வுடமாட்டான்."

"ம்."

"தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்துக்கினு சிரிப்பான். முன்பல்லு ஒண்ணு ஒடஞ்சிருக்கும்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்கா."

அவள் தன் மேல்பல்லில் விரலை வைத்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் வைத்தாள். எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள். முதல் தடவையாக அவள் முகம் கலங்கியது.

"வலது இல்ல?"

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். "எம்மா, மணி எட்டாச்சி. சீட்டு போடுவீங்களா மாட்டீங்களா? பிரம்மதேசத்துலேர்ந்து வர்றோம்."

செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தூக்கினாள். "பேரு சொல்லுங்க. வயசு? இன்னா பண்ணுது?" பெட்டி நன்றாக ஓடியது. சீட்டு உடனே வந்தது. ஆறேழு பேருக்குப் போட்டாள். டோமினிக் அங்கேயே நின்றான். அடுத்த ஆள் பையைத் துழாவிப் பழைய சீட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் திரும்பாமலே கேட்டாள்.

"வலதுதானே டோமினிக்கு?"

"ஆமாக்கா. வலதுதான்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடா" என்றாள். பிறகு அந்த ஆளிடம் கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.