மருந்து குடித்தவள்

மத்திகிரியைத் தாண்டிப் போகிற ரோட்டில் கோவிந்தப்பனின் ரோஜாத் தோட்டம். பிளாஸ்டிக் ஷீட் போர்த்திப் பூ வளர்க்கிற பாலிஹவுஸ்கள் வெள்ளை வெளேரென்று ஊருக்கே தெரியும். அவற்றின் பின்னால் வேலையாட்கள் குடியிருக்கிற ஷெட் மட்டும் யார் கண்ணுக்கும் படாது. பாலிஹவுஸிலிருந்து கழித்துப்போட்ட பிளாஸ்டிக் ஷீட்தான் அதற்குச் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே மண் தரை. மழை பெய்தால் பாய் மிதக்கும். வெயில் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் அவிந்துபோவார்கள். பக்கத்து அறை மருந்து ரூம். பூச்சி மருந்தின் நெடி ஷீட் வழியாக இந்தப் பக்கம் வந்து சோற்றில் உட்காரும். அங்கே இருமாத ஆளே கிடையாது.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ரங்கம்மாவும் தங்கச்சி பிரவீனாவும் அந்த ஷெட்டில்தான் இருந்தார்கள். பிரவீனா பூ அறுப்பதில் கெட்டிக்காரி. போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை பார்க்கிற பையனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவனும் போனில் பேசிப் பேசி அவளை நாளெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பில் மண்ணைப் போட்டது ஒரு நீல டிரம். போர்வெல் வற்றியதும் கோவிந்தப்பன் டேங்கர் தண்ணீர் வரவழைத்தான். அதை ரொப்பிவைக்க ஷெட்டுக்கு அவன் கொடுத்த டிரம், பூச்சி மருந்து வந்து இறங்கிய டிரம். "கழுவிட்டு ரொப்புங்க, ஒண்ணும் ஆவாது" என்றான். கழுவினார்கள். மத்தியானம் வேலை விட்டு முதல் ஆளாக வந்த பிரவீனா அதில் மொண்டு மடமடவென்று குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ள, கை கால் வெட்டி இழுக்க விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்ன ஆச்சு என்று கேட்டபோது ரங்கம்மாவுக்கு நாக்கு குழறியது. டிரம்மைச் சொல்ல வேண்டும், தண்ணீரைச் சொல்ல வேண்டும். வாயில் வந்ததோ, "மருந்து குடிச்சிட்டாம்மா, எந்தங்கச்சி மருந்து குடிச்சிட்டா!"

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். சாக வேண்டும் என்று நினைத்தவள் குடிப்பதுதான் மருந்து. பிறகு ரங்கம்மா டிரம்மைப் பற்றித் தொண்டை வறளச் சொல்லியும், வீட்டு மானத்துக்காக மழுப்புகிறாள் என்றே நினைத்துக்கொண்டார்கள். கோவிந்தப்பனுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "எவனோடயோ பழக்கம். கல்யாணம் பேசினதும் மருந்தக் குடிச்சிட்டுது, நான் என்னா பண்றது" என்று ஊரெல்லாம் சொன்னான். சொன்னது போச்சம்பள்ளி வரைக்கும் போயிற்று. பையன் வீட்டார் கையைக் கழுவிக்கொண்டார்கள். பிரவீனா உயிர் பிழைத்து வந்தாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. ஒரு டம்ளரைப் பிடிக்க இரண்டு கை வேண்டியிருந்தது. ரங்கம்மா கோவிந்தப்பனிடம் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. வாய்க்கு அவன் ஓனர். மனசுக்குள் அவனை அவள் திட்டாத திட்டு கிடையாது. வேறு இடத்துக்குப் போகலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, "அவன் வாயால உண்மைய வரவெக்காம நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பிரே மெஷினுக்கும் கத்திரிகளுக்கும் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். கோவிந்தப்பன் தன் மகளைக் கொடுக்கப்போகிற பெங்களூர் சம்பந்தியைக் கூப்பிட்டிருந்தான். பட்டு வேட்டியோடு தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான்.

"வேலைக்காரங்க எல்லாம் எங்க தங்குறாங்க?" என்று சம்பந்தி கேட்டார்.

"நானே வீடு கட்டிக் குடுத்திருக்கேன் சார். தண்ணி, கரண்டு எல்லாம் ஃப்ரீ. நம்ம வீட்டுப் புள்ளைங்க மாதிரி."

பொரி பங்கிட்டுக்கொண்டிருந்த ரங்கம்மா அதைக் காது குளிரக் கேட்டாள். பொரித் தட்டைக் கீழே வைத்தாள். அதே நேரம் கோவிந்தப்பன், "ஏம்மா ரங்கம்மா, குடிக்கத் தண்ணி கொண்டா" என்றான்.

செம்பை எடுத்துக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போனாள். அன்றைக்குப் பிறகு யாரும் தொடாமல் தண்ணீரோடு கிடந்த நீல டிரம்மின் மூடியைத் திறந்தாள். செம்போடு கையை உள்ளே இறக்கவும் செய்தாள். தண்ணீர் விரல் நுனியில் சில்லென்று பட்டதும் நிறுத்தினாள். இரக்கத்தால் இல்லை. அவன் செத்துத் தொலைந்தால் வாயைத் திறந்து பேசுவது யார்? திரும்பி வந்து, விருந்தாளிகளுக்காக வாங்கிவைத்திருந்த கேன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவன் அண்ணாந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

"தண்ணி எப்பிடி இருக்குதுங்க ஓனரே?"

"ஜில்லுனு இருக்குது."

"எங்க டிரம்முல மொண்டது. நம்ம வீட்டுப் புள்ளைங்க குடிக்கிற தண்ணிதான?"

கோவிந்தப்பனின் முகம் செத்துப்போயிற்று. செம்பைத் தூக்கி எறிந்தான். தொண்டைக்குள் விரலை விட்டுப் பூஜை போட்ட இடத்திலேயே ஓங்கரித்தான். பட்டு வேட்டியெல்லாம் பொரியும் கடலையும். தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். "ஐயோ, மருந்து! நெஞ்சு அடைக்குது, கை இழுக்குது" என்று தரையில் புரண்டான். வெறும் கேன் தண்ணீர் ஒரு மனிதனை என்ன பாடு படுத்துகிறது என்று ரங்கம்மா நின்று, ஆசை தீரப் பார்த்தாள்.

காரில் தூக்கிப் போட்டார்கள். "இந்தம்மாவும் ஏறட்டும், டாக்டர் கேட்டா பதில் சொல்லணும்" என்று சம்பந்தி அவளையும் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சம்பந்தி பதறிப்போய்ச் சொன்னது, "மருந்து குடிச்சிட்டார் சிஸ்டர்! எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கப்போறவர்!"

நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாயை இறக்கிக்கொண்டே, "பொண்ணு கல்யாணம்னு வேற சொல்றீங்க. இந்த வயசுல இது தேவையா? வீட்ல என்ன பிரச்சன?" என்றாள்.

கோவிந்தப்பன் தலையைப் பலமாக ஆட்டினான். குழாய் இருந்ததால் குரல் எழும்பவில்லை.

"எல்லாரும் மொதல்ல இல்லன்னுதான் சொல்வாங்க. அப்பறம் போலீஸ் வந்து கேட்டா அழுவாங்க" என்றாள் நர்ஸ். சம்பந்தி ஓரடி பின்னால் தள்ளி நின்றார். சொல்லாமல் விட்ட விஷயம் இந்தக் குடும்பத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று அவர் முகம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. ரங்கம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

குழாயை எடுத்ததும் அவன் கத்தினான். "நானா குடிக்கலம்மா! டிரம்மு! மருந்து வந்த டிரம்மு! அதுலதான் லேபருக்குத் தண்ணி ரொப்பி வெப்போம். எவ்ளோ கழுவினாலும் போவாது அது. இவ மொண்டு குடுத்துட்டா!"

அறையில் இருந்த எல்லாரும் அவனையே பார்த்தார்கள். உள்ளே வந்த டாக்டர், "மருந்து வந்த டிரம்லயா ஆளுங்களுக்குக் குடிக்கிற தண்ணி வெக்கிறீங்க?" என்று கேட்டார்.

ரங்கம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போனாள். "எந்தங்கச்சி எதுல குடிச்சா? சொல்லுங்க ஓனரே. சம்பந்திகாரு கேக்கட்டும்."

சொல்லாவிட்டால், தானே மருந்து குடித்தவன் ஆகிவிடுவான். சொன்னால் அவன் புளுகெல்லாம் வெளியே வந்துவிடும். கோவிந்தப்பன் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தான், நர்ஸைப் பார்த்தான். "அந்தப் புள்ள டிரம் தண்ணிதான் குடிச்சுது" என்றான். "பழக்கம் கிழக்கமெல்லாம் நான் சும்மா சொன்னது."

டாக்டர் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "இவருக்கு ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள் ரங்கம்மா. "அவரு குடிச்சது கேன் தண்ணி. அவரு காசுல வாங்கினது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். பின்னால் கோவிந்தப்பன் கத்திய கத்தல் பஸ் ஸ்டாப் வரைக்கும் இனித்தது.

ஷெட்டுக்கு வந்தபோது சேதி முன்னாலேயே வந்திருந்தது. மேஸ்திரி பொன்னுசாமி வாசலில் நின்று, "இன்னிக்கே காலி பண்ணணுமாம்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ரங்கம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. பிரவீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் புரண்டதை நடித்தே காட்டினாள். பிரவீனா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். பழைய சிரிப்பில் பாதியாவது வரும் என்று நினைத்தாள்.

"அவன் வாயாலயே சொன்னானா?"

"சம்பந்தி முன்னால சொன்னான். போச்சம்பள்ளிக்கும் நானே போய்ச் சொல்றேன்."

பிரவீனா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஏன்க்கா கேன் தண்ணி குடுத்த?"

"அவன் செத்துட்டா நாமதாண்டி ஜெயிலுக்குப் போவணும்..."

"சாவாத அளவுக்குக் குடுத்திருக்கலாம் இல்ல" என்றாள் பிரவீனா. "எனக்கு அவன் அவ்ளோதான குடுத்தான்."