தோற்றுக்கொடுக்கும் குடும்பம்

குடும்பத்தோடு ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கினால் ஒற்றுமை வளரும் என்று எந்தப் புண்ணியவான் எழுதி வைத்தானோ, அதை மச்சினன் போனில் படித்துத் தொலைத்துவிட்டான். படித்ததோடு விட்டிருக்கலாம். பெரியவர்கள் கூட்டமாக விளையாடி மகிழ என்னென்ன விளையாட்டுகள் உண்டு என்பதையும் உருப்போட்டு, ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மெத்தைக் கம்பெனி முதலாளியின் ஒரே மகன். ஊதுவதற்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று பிறந்ததிலிருந்து காத்திருந்தவன் போல ஊதினான்.

இளைய மாப்பிள்ளைக்கு ஏரியும் வேண்டாம், ஒற்றுமையும் வேண்டாம். அவன் வந்தது ஒரே ஒரு விஷயத்தை மாமனாரிடம் சொல்ல. வேறொரு ஊரில், மருத்துவமனைக் கட்டில்கள் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். இதைச் சொல்ல இத்தனை நாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் மாமா சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார், மதியம் பசியோடு இருப்பார், சாயங்காலம் களைப்பாக இருப்பார். மனுஷனிடம் பேசுவதற்குத் தோதான நேரமே கடவுள் படைக்கவில்லை.

கடைசியில் மனைவிதான் கெடு வைத்தாள். அப்பாவிடம் நான் சொல்லமாட்டேன், உங்கள் வேலை, உங்கள் வாய், கூடாரத்தைப் பிரிப்பதற்குள் நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் பிள்ளையோடு அந்த ஊருக்குப் போய்விடுவேன், நீங்கள் இங்கேயே அப்பா பட்டறை மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருங்கள் என்றாள். அவள் சொன்னால் செய்வாள். அந்தக் குடும்பத்தில் அந்தக் குணம் அவளுக்கு மட்டும் எப்படி வந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது.

ஏனென்றால் அது தோற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பம். மெத்தை என்பது சும்மா பெயருக்கு. பட்டறையில் ஒவ்வொரு புது மெத்தையையும் மாமனார் முன்னால் கொண்டுபோய்ப் போடுவார்கள். அவர் கண்ணை மூடி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்துவார். "இன்னும் கொஞ்சம் கெட்டி" என்பார். உடனே சுற்றி நிற்கிற எல்லோருக்கும் அது இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் தேவலை என்று தோன்றிவிடும். அப்படி அவர் கெட்டியாக்கிய ஸ்ப்ரிங் மெத்தை ரகம் ஒன்று போன வருஷம் வாங்கியவர்கள் முதுகைப் பதம் பார்த்துவிட்டு, போன வேகத்தில் லாரி லாரியாகத் திரும்பி வந்தது. ஆபீஸ் அறையில் கூட்டம் போட்டார்கள். வாங்கியவர்களுக்கு ஒழுங்காகப் படுக்கத் தெரியவில்லை என்று ஒருமனதாக முடிவானது. மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் இளைய மாப்பிள்ளையும் அந்த ஒருமனதில் ஒரு மனம்.

முதல் நாள் காலை கயிறு இழுத்தார்கள். மாமனாரும் மச்சினனும் ஒரு பக்கம், இரண்டு மாப்பிள்ளைகளும் மறுபக்கம். மாமனாருக்குத் தோள்பட்டை வலி, மச்சினன் ஒரு கையால் விசிலைப் பிடித்திருந்தான். ஆனாலும் மாப்பிள்ளைகள் மண்ணைக் கவ்வினார்கள். அதிலும் மூத்த மாப்பிள்ளை கவ்விய அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். பல்லைக் கடித்தார், முகம் சிவந்தார், முக்கினார், முனகினார், குதிகாலால் தரையில் கோடு கிழித்தபடியே இம்மி இம்மியாக இழுபட்டுப் போய்க் கடைசியில் குப்புற விழுந்தார். சும்மா கயிற்றை விட்டுவிடுவது இளையவனைப் போன்ற கற்றுக்குட்டிகளின் வேலை. மூத்தவர் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவர். எதையும் நம்பும்படியாகச் செய்வார்.

அப்புறம் கரண்டியில் அவித்த முட்டையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். மாமனார் நடந்தே ஜெயித்தார். மாமியார் மட்டும் எதிலும் சேரவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு முட்டி வலி என்று ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொண்டார். அனுபவசாலி.

மதியம் ஊமை நடிப்பு. மூத்த மாப்பிள்ளை எழுந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையை அதன் வழியே நுழைத்துத் தும்பிக்கை ஆட்டினார். காதுகளை அசைத்தார். ஆடி ஆடி நடந்தார். கைக்குழந்தைகூட யானை என்று சொல்லியிருக்கும். ஆனால் மாமனார் முந்திக்கொண்டு, பஸ் என்றார். மூத்தவர் கண்ணிமைக்கவில்லை. பஸ்தான் மாமா, எப்படி மாமா கண்டுபிடித்தீர்கள் என்று கையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மாமனார் அந்தக் கையை வைத்து டிரைவர் கியர் போடுவதைத் தான் கண்டுகொண்ட விதத்தை விளக்கினார். இளைய மாப்பிள்ளையும் வாயைப் பிளந்து கேட்டான். மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தும் அவள் பக்கம் அவன் திரும்பவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கூடாரத்தைப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. அவன் இன்னும் சொல்லவில்லை. அப்போது பார்த்து மச்சினன் விசில் அடித்து, கடைசியாக ஒன்று என்றான். ஆளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும். இரண்டு நிஜம், ஒன்று பொய். எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் யார் என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லோரும் மாமனாரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

மூத்த மாப்பிள்ளை முதலில். தனக்கு நீச்சல் தெரியும், பூனை என்றால் பயம், தூக்கத்தில் பேசுவேன் என்றார். மாமனார் யோசித்து, நீச்சல் பொய் என்றார். காலையில்தான் அத்தனை பேர் கண் முன்னால் ஏரியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நீந்திவிட்டு வந்திருந்தார் மூத்தவர். தலை துவட்டிய துண்டு கூடாரக் கயிற்றில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சரியாகச் சொல்லிவிட்டீர்கள் மாமா, எனக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது என்றார்.

அடுத்தது இளையவன் முறை. எழுந்து நின்றபோதுதான் அவனுக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. வேலை விஷயத்தை மூன்றில் ஒன்றாகச் சொல்லிவிட்டால் என்ன? கூடவே, யாரும் நம்பமுடியாத ஒரு பொய்யையும் வைத்துவிடுவது. மாமா அந்தப் பொய்யைக் காட்டுவார். வேலை தானாக நிஜமாகிவிடும். மாமாவும் ஜெயித்துவிடுவார், நாமும் சொன்னதாகிவிடும். கோழையின் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அவனுக்கே தன் மேல் மதிப்பு வந்தது.

"ஒண்ணு, சின்ன வயசுல மரத்துலேர்ந்து விழுந்து எனக்குக் கை ஒடிஞ்சிருக்கு. ரெண்டு, என்கூடப் பிறந்த ரெட்டைத் தம்பி ஒருத்தன் இருக்கான், அச்சு அசல் என்னை மாதிரியே இருப்பான். மூணு, எனக்கு வேற கம்பெனில வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாம் தேதி சேரப் போறேன்."

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணாவதுதான் பொய். நம்ம பட்டறையை விட்டுட்டு மாப்பிள்ளை எங்க போகப் போறாரு? என்ன மாப்ளே, சரிதானே?"

அது பொய்யில்லை மாமா. மூன்றே சொல். அவன் நாக்கு அதைச் சொல்லத்தான் எழுந்தது. ஆனால் அதற்குள் மூத்தவர் கை தட்டிவிட்டார், மச்சினன் விசில் ஊதிவிட்டான், மாமனார் முகத்தில் அந்த ஜெயித்த சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையில் இத்தனை வருஷம் பழகிய நாக்கு, அவனைக் கேட்காமல் தானாகவே பேசியது.

"ஆமா மாமா. எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியென்றால் ரெட்டைத் தம்பி நிஜமா, கல்யாணத்துக்குக்கூட அந்தப் பிள்ளை வரவில்லையே என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார். வெளியூரில் இருக்கிறான் அத்தை, லீவு கிடைக்கவில்லை என்றான் இளைய மாப்பிள்ளை. இருந்த வேலையை இல்லாமல் ஆக்கி, இல்லாத தம்பிக்கு லீவு இல்லாமல் ஆக்கியாயிற்று. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது அவன் மனைவி எழுந்தாள். இனி நான் என்றாள். அவள் குரல் நிதானமாக இருந்தது.

"ஒண்ணு, இந்த ரெண்டு நாள்ல கடிச்ச மாதிரி என்னைக் கொசு கடிச்சதே இல்ல. ரெண்டு, இவர் சொன்ன வேலை நிஜம், அந்த ஊர்ல வீடுகூடப் பார்த்தாச்சு. மூணு, என்னைக் கட்டிக்கிட்டவரு தைரியசாலி. சொல்லுங்கப்பா, எது பொய்?"

"ரெண்டாவதுதாம்மா. மாப்பிள்ளையே இப்ப ஒத்துக்கிட்டாரே."

"இல்லப்பா. நீங்க தோத்துட்டீங்க. மூணாவதுதான் பொய்."

மச்சினன் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், ஊதாமல் அப்படியே வைத்துக்கொண்டான்.  தோற்றுவிட்டீர்கள் என்று அந்த மனிதரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்பதையே அன்றுதான் பார்த்தார்கள். கோபம் வரவில்லை. புரியாத முகம்.

அப்படியென்றால் மாப்பிள்ளை ஏன் ஆமாம் என்றார் என்று கேட்டார். நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்றுதான், நாங்கள் எல்லோரும் அதைத்தானே செய்கிறோம் என்றாள் மகள். அவர் மெதுவாக மூத்த மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். கயிறு இழுத்தோமே என்றார். மூத்தவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டே, விட்டுக்கொடுத்தோம் மாமா என்றார். பஸ்? யானை மாமா. நீச்சல் என்று அவர் கேட்கவேயில்லை. துண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கடைசியில் மாமியாரிடம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் கேரம் ஆடுவார்கள்.

"கேரமுமா?"

"கல்யாணமான புதுசுல முதல் ஆட்டம் நான் ஜெயிச்சேன். ரெண்டு நாள் நீங்க சரியாச் சாப்பிடல. அப்புறம் எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்" என்றார் மாமியார்.

இளைய மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மாமனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை நாளும் அவர் மேல் அவனுக்கு இருந்தது பயம்தான். ஒரு மனிதரை ஏமாளியாக்க இத்தனை பேர் சேர்ந்து இத்தனை வருஷம் பாடுபட்டிருக்கிறோம், அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மாமனார் அவனைப் பார்த்தார். "அந்த ஸ்ப்ரிங் மெத்தை?"

"கல்லு மாதிரி இருந்துச்சு மாமா."

"வேலை நிஜம்தானா?"

"நிஜம் மாமா."

"போக வேணாம்னு நான் சொன்னா?"

சரி மாமா என்பது தொண்டை வரை வந்துவிட்டது. மூத்தவர் அவனைக் கண்ணாலேயே கெஞ்சினார், சரி என்று சொல்லித் தொலையேன், மனுஷன் ஏற்கனவே உடைந்துபோயிருக்கிறார் என்று. மனைவி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவும் போவேன் மாமா" என்றான்.  ஒருவழியாகச் சொல்லிவிட்டான்.

மாமனார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, பட்டறையில் உத்தரவு போடும் அதே குரலில் சொன்னார். "எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே இந்த வீட்டுல யாரும் எனக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. நான் தப்புன்னா தப்புன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லணும்."

"கரெக்ட் மாமா, அதுதான் சரி" என்றார் மூத்த மாப்பிள்ளை.

"சரிப்பா" என்றான் மச்சினன்.

மாமியாரும் தலையை ஆட்டினார். மாமனார் ஆடிக்கொண்டிருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஆடாமல் இருந்த ஒரே மாப்பிள்ளைத் தலையிடம் வந்து நின்றார்.

"இப்பப் போய் போறீங்களே மாப்ளே" என்றார்.