அடிக்காத ஜோடி

கார்டு ஆட்டப் போட்டியில் மூன்றாம் மேசைக்கு யார் யார் என்று, போட்டி நடத்தும் கார்டுக் கடைக்காரர் படித்தபோது ஹாலில் இரண்டு பேர் இருமினார்கள். சளி பிடித்த இருமலாகத் தெரியவில்லை. அவனும் அவளும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் குலுக்கல் இருவரையும் ஒரே மேசையில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. குலுக்கலுக்கு என்ன தெரியும், பாவம்.

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றும் தோன்றவில்லை. பேனா எழுதவில்லை என்று இரண்டு முறை உதறியதுதான் நினைவிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பது அவள் வேலை. மறுநாளே போனாள், ஒரு லென்ஸில்கூடக் கீறல் விழவில்லை. இந்தப் பதினெட்டு நாளில் வேண்டும் என்று அவளுக்குப் பட்டது ஒன்றே ஒன்றுதான். இந்த மேசையில் ஜெயிக்கிறவருக்கு இறுதிச் சுற்றில் ஒரு நாற்காலி உண்டு, அது வேண்டும்.

ஆட்டம் நாலு பேருக்கு, ஆளுக்குச் சொந்தமாகச் சேர்த்த ஒரு சீட்டுக்கட்டு, நாற்பது உயிர். யாரும் யாரையும் அடிக்கலாம், கடைசியில் மிஞ்சுகிறவருக்கு வெற்றி. அடிக்கப் போகும் வீரனின் கார்டைப் படுக்க வைக்க வேண்டும். திரும்பத் தன் முறை வரும்வரை அந்த வீரன் காவலுக்கு ஆகமாட்டான். அதனால் விவரமானவர்கள் பாதிப் படையை வீட்டில் நிறுத்திவிட்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். இந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் ஒருவர் விஷயத்தில் மற்றவருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. ஒன்பது வருஷமாக, மற்றவர்கள் தீரும்வரை இவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டதில்லை. பேசி வைத்துக்கொண்டதும் இல்லை. மற்றவர்கள் சண்டை போட்டுப் பார்த்து அலுத்து, 'அடிக்காத ஜோடி' என்று பேர் வைத்துத் தலைமுழுகிவிட்டார்கள்.

"இன்னைக்காவது நியாயமா ஆடலாம்னு நெனக்கிறேன்," என்றார் எதிரில் இருந்த லிஃப்ட் மெக்கானிக்.

நாலாவது ஆளான பல் டாக்டரம்மா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"இல்லம்மா, பொதுவாச் சொன்னேன்."

முதல் ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மாவின் படை ஊதிப் பெருத்தது. பெருத்தவரை எல்லோரும் சேர்ந்து சாத்துவதுதான் இந்த ஆட்டத்தின் முறை, சாத்தினார்கள். உயிர் தீர்ந்ததும் அவர் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போய்விட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் அவளை ஒருமுறைகூட அடிக்கவில்லை. அவளும் அவனை அடிக்கவில்லை.

"பேப்பர்ல பிரிஞ்சாலும் கார்டுல பிரிய மாட்டீங்க போல," என்றார் மெக்கானிக். இந்த முறை மிதிக்க ஆளில்லை.

அடுத்து அவன் முறை. இருந்த படை மொத்தத்தையும் மெக்கானிக் மேல் அனுப்பினான். மெக்கானிக் நாலு உயிரோடு தப்பினார். அவன் பக்கத்தில் ஒரு கார்டுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. அவனுக்கு உயிர் பத்தொன்பது. அவள் படையின் பலம் இருபது. அடுத்த முறை அவளுடையது.

பழைய வழி என்றால் மெக்கானிக்கை முடிக்க வேண்டும். முடித்தால் அவன் படை எழுந்து நிற்கும், அது அவளுடையதைவிடப் பெரிது. இப்போது விட்டால் நாற்காலி போச்சு. இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள், அது பாட்டுக்கு இருந்தது.

"எல்லாத்தையும் உன் மேல அனுப்புறேன்."

மெக்கானிக் நிமிர்ந்தார். அவன் நிமிரவில்லை.

"எல்லாத்தையுமா?" என்றான்.

"ஆமா."

கையிலிருந்த கார்டுகளில் ஓரத்தில் இருந்ததை அவன் உருவி வைத்தான். தேடவே இல்லை. உன்னை அடிக்க வந்த படை அத்தனையும் அழியும் என்று அதில் எழுதியிருந்தது. அவளுடைய பதினொரு வீரர்களும் செத்தார்கள். இனி யார் அடித்தாலும் அவள் காலி.

அவன் சீட்டுக்கட்டில் இருக்கும் நூறு கார்டும் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொன்றுக்கும் உறை போட்டுக் கொடுத்ததே அவள்தான். இதை அவள் பார்த்ததில்லை.

"பதினெட்டு நாளுக்குள்ள சேர்த்துட்டியா?"

"இல்ல. ரெண்டு வருஷமாச்சு."

"நான் பாத்ததே இல்லையே."

"கைக்கு வரும். வெச்சுக்கிட்டே இருப்பேன்." குத்திக்காட்டும் குரல் இல்லை அது, நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னான். "மத்தவங்க இருக்கும்போதே நீ அடிச்சாப் போடலாம்னு. போட வேண்டி வரல."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். நாலு ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவன் தூங்கினான். கார்டைச் சேர்த்தது அதற்கு முன்னாலா, பின்னாலா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அவளிடமும் ஒரு கார்டு இருந்தது, எல்லோரையும் ஒரே நேரத்தில் அடிக்கிற கார்டு. நல்ல கார்டு. அவனுக்கும் அடி படுமே என்று கல்யாணமான வாரமே தன் சீட்டுக்கட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டுவிட்டாள். அது இல்லாமல் எத்தனை ஆட்டம் தோற்றிருப்பாள்.

வலித்தது. அழுகை வந்தது, அடக்கத் தெரியவில்லை. செத்த கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, ஹால் முழுக்கப் பார்க்க அழுதாள். தன் முறை வந்தும் மெக்கானிக் கார்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.