ஊசிக்கை

மூக்குக் கண்ணாடியை வைத்தாயிற்று. வெற்றிலைப் பெட்டியையும் வைத்தாயிற்று. அடுத்து அண்ணி இராசமலர் சிவப்புப் பிளனல் துணியில் சுற்றிய நீளமான ஒன்றை அறைக்குள்ளிருந்து எடுத்து வந்தபோது, பந்தலில் வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டிருந்த பரமலிங்கத்தின் கையிலிருந்து கயிறு நழுவியது.

துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டிய தேவை அவனுக்கு இருக்கவில்லை. எட்டு வருடமாகக் கனவில் கண்ட சாமானை எந்தத் துணியில் சுற்றினால்தான் என்ன? அவள் சவப்பெட்டியருகில் குனிந்தாள். புருசனின் வலது கைப்பக்கமாக அதைக் கிடத்தி, மேலே வேட்டியை இழுத்து மூடினாள். பிறகு நிமிர்ந்து பரமலிங்கத்தை நேராகப் பார்த்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள்.

"வேறை ஏதும் வைக்கிறதோ, பிள்ளை?" என்று ஏரம்பு மாமா கேட்டார். செத்தவீட்டுக் காரியங்களை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான்.

"இல்லை மாமா. அவர் ஆசையா வைச்சிருந்தது இவ்வளவுதான்."

செத்தவர் பிரியமாகப் பாவித்த சாமானைப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பொல்லு வைப்பார்கள், சுருட்டுக்கட்டு வைப்பார்கள். இதை யாராவது வைப்பார்களா? 'செத்தும் விடமாட்டான் போல கிடக்கு' என்று பரமலிங்கம் நினைத்தான். அண்ணனுக்காகக் காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போது வந்தது. பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அண்ணன் கனகலிங்கம் அக்கராயன் குளத்தில் நீர்ப்பாசன ஓவசியர். தம்பி பரமலிங்கம் விசுவமடுவில் மிளகாய்த் தோட்டம் செய்கிறவன். மற்ற அண்ணன் தம்பிமார் வேலிக்கும் கிணற்றுக்கும் அடிபட, இவர்களுக்குப் பிடித்த பைத்தியம் வேறு: பழைய இசைத்தட்டுக் கருவிகள். சனம் கசெற்றுக்கு மாறி, ரெக்கோட் பிளேயர்களைக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்ட காலம் இவர்களுக்குப் பொற்காலமாகிவிட்டது. வவுனியாவில் ஒரு வீட்டில் சாவி முறுக்கும் கிராமபோன் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் ஒருவன் மற்றவனுக்குச் சொல்லாமல் பஸ் ஏறுவான். ஊசி பொருத்தும் காட்ரிட்ஜ்களைப் பரமலிங்கம் பஞ்சில் பொதிந்து, ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, நெல்லு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். கள்ளனுக்குப் பயந்து அல்ல, அண்ணனுக்குப் பயந்து.

தம்பி புதிதாக ஒன்று வாங்கிவிட்டான் என்று காதில் விழுந்தால் அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விசுவமடுவில் நிற்பான். வேலிப் படலையடியில் நின்று ஒருதரம் செருமுவான். உள்ளே வந்து, சாமானைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பறவாயில்லை" என்பான். அந்தப் 'பறவாயில்லை'யில் எரிகிற வயிற்றைக் கேட்கத்தான் பரமலிங்கம் மிளகாய்க் காசையெல்லாம் செலவழித்தான் என்றுகூடச் சொல்லலாம். அண்ணன் வீட்டுக்கு இவன் போனாலும் அதே கதைதான். அன்றைக்கு இவனுக்குச் சோறு இறங்காது.

இதெல்லாம் ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வரும்வரைக்கும். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். அங்கே இங்கிலாந்தில் செய்த கனத்த சுழல்தட்டு ஒன்று இருந்தது. அதற்கென்றே கடைந்தது போல ஒரு நீண்ட கையும் இருந்தது. இசைத்தட்டின் மேல் ஊசியைத் தாங்கிப் போகிற அந்தக் கையை இருவரும் ஊசிக்கை என்பார்கள். மெல்லிய அலுமினியக் குழாய். பின்நுனியில் பாரத்தைச் சமன் செய்ய ஒரு பித்தளைக் குண்டு. குண்டைத் திருகி நிறுத்திவிட்டால் கை அந்தரத்தில் அப்படியே மிதக்கும். அப்படியொன்றை இலங்கையில் இன்னொருவனிடம் பார்க்கமுடியாது என்று அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள். ஏலம் கூறியவனுக்கு இதொன்றும் தெரியாது. தட்டைத் தனியாகவும் கையைத் தனியாகவும் கூவினான்.

தட்டு கூவப்பட்ட நேரம் அண்ணன் தம்பிக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். இரண்டு கையிலும் இரண்டு கிளாசோடு திரும்பி வந்தபோது தட்டு பரமலிங்கத்துடையதாகியிருந்தது. அண்ணன் தட்டைப் பார்த்தான். கிளாசைத் தம்பியிடம் நீட்டினான். ஊசிக்கையைக் கூவியபோது, யார் என்ன கேட்டாலும் அதற்கு மேலே கேட்டு அதைத் தனதாக்கிக்கொண்டான். ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள்.

அதோடு சரி. தட்டு விசுவமடுவிலும் கை அக்கராயனிலும் ஊமையாகக் கிடந்தன. "கையைத் தா" என்று இவன் கேட்கமாட்டான், "தட்டைத் தா" என்று அவனும் கேட்கமாட்டான். முதலில் கேட்கிறவன் தோற்றவன் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பரமலிங்கம் பாலைமரத்தில் பீடம் செய்து தட்டை இருத்தி, கை பொருந்துவதற்கு அளவாக ஒரு துளையும் வெட்டி வைத்தான். துளைக்குள் குளவி கூடு கட்டியது. குத்தி எடுத்தான். மறுபடி கட்டியது.

இந்த மாரிக்கு முன் அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தபோது பரமலிங்கம் போகவில்லை. போகவேண்டும் என்று சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் வருவான். 'சாகப்போறன் எண்டு தெரிஞ்சு ஊசிக்கைக்குத்தான் வந்திருக்கிறான் எண்டு அண்ணன் நினைப்பான்' என்று எண்ணித் திரும்பிவிடுவான். அப்படித் திரும்பித் திரும்பியே அண்ணன் போய்விட்டான்.

பறை மேளம் முன்னே போக, பெட்டி சுடலைக்கு வந்தது. அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. கொள்ளி வைக்கவேண்டியவன் பரமலிங்கம்தான். மொட்டைத் தலையில் வெயில் சுட, தோளில் குடத்தோடு நின்றான்.

காட்டு விறகை அடுக்கியவன் பழனியாண்டி. எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து அக்கராயனில் குடியேறியவன். கனகலிங்கத்தின் கீழே குளக்கட்டில் வேலை செய்தவன். கடைசி வாய்க்கரிசிக்காக மூடியைத் திறந்தபோது, துணி விலகி அலுமினிய நுனி வெளியே மினுங்கியது.

"ஐயா, இதுல ஏதோ இரும்பு சாமான் இருக்குங்க" என்றான் பழனியாண்டி. "எடுத்துறட்டுங்களா?"

எல்லாரும் பரமலிங்கத்தைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். ஒரு சொல்கூட வேண்டாம், தலையை ஆட்டினாலே போதும். பிளனல் துணிச் சுருள் தன் கைக்கு வந்துவிடும், நாளைக்கே துளையில் பொருத்திவிடலாம். குளவிக்கூட்டைக் குத்துகிற வேலை இனி இல்லை. அரிசியோடு பெட்டிக்குள் நீண்ட அவன் விரல்கள் துணியைத் தொட்டும்விட்டன. உள்ளே பித்தளைக் குண்டின் குளிர்ச்சி தெரிந்தது.

அண்ணனின் முகத்தைப் பார்த்தான். வாய்க்கட்டு இறுகி, உதடு ஒருபக்கமாக இழுபட்டிருந்தது. 'பறவாயில்லை' என்று சொல்லப்போகிற அதே உதடு. கேளடா, இத்தனை சனத்துக்கு முன்னால் கேள் பார்ப்பம் என்று அது சொல்வது போலிருந்தது.

"வேண்டாம்" என்றான் பரமலிங்கம். "அது அவரின்ரை சாமான். அவரோடையே போகட்டும்."

"தங்கமான பிள்ளை" என்று ஏரம்பு மாமா பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அது பரமலிங்கத்தின் காதில் விழுந்தது, இனித்தது. திரும்பிப் பார்க்காமல் கொள்ளியை வைத்தான். தான்தான் வென்றேன் என்ற நினைப்போடு நடந்தான். ஆனால் இரவு முழுக்கப் படுத்துக் கிடந்தது ஊசிக்கை எப்படி உருகும் என்ற எண்ணத்தோடுதான்.

மறுநாள் காலை காடாத்து. பால் தெளித்து, தணல் அவித்து, எலும்பு பொறுக்கி மண்முட்டியில் போட்டார்கள். சாம்பலுக்குள் பரமலிங்கத்தின் விரலில் கனமாக ஒன்று தட்டுப்பட்டது. குழாய் இருந்த இடத்தில் கஞ்சி சிந்திக் காய்ந்தது போல ஒரு தகடுதான் கிடந்தது. குண்டு மட்டும் அப்படியே, கன்னங்கரேலென்று, இன்னும் சூடாக இருந்தது. யாரும் பார்க்காதபோது வேட்டி மடியில் சொருகிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது இராசமலர் குசினி வாசலில் தனியாக இருந்தாள்.

"முடிஞ்சுதோ, தம்பி?"

"ஓம் அண்ணி."

"தேத்தண்ணி குடியுங்கோ." கிளாசை வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரைக்கும் பார்த்திருந்தாள். "ஏன் தம்பி கேக்கேல்லை?"

"என்னத்தை?"

"அதைத்தான். நேற்று உங்கடை கண்ணுக்கு முன்னாலைதானே கொண்டு வந்தனான். உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பரமலிங்கம் வெறுங்கிளாசைக் கீழே வைத்தான்.

"படுக்கையிலை கிடக்கேக்குள்ள சொன்னவர், 'பரமன் வந்து கேட்டால் அதைக் குடுத்துவிடு' எண்டு. கேட்டால்தான் குடுக்கவேணுமாம், கேக்காட்டில் குடுக்கக்கூடாதாம். படலைச் சத்தம் கேட்டால் போதும், 'பரமனோ பார்' எண்டுவார். நாய் தட்டினாலும் பரமன்தான். காத்துக்கு ஆடினாலும் பரமன்தான். ஒரு நாளைக்கு எத்தினைதரம் எழும்பிப் போய்ப் பாத்திருப்பன்!"

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அழுகையைத் துடைத்தது போல இல்லை, வியர்வையைத் துடைத்தது போல இருந்தது.

"அப்ப நீங்கள் சொல்லியிருக்கலாமே அண்ணி! ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கலாம்தான்." அவள் அவனைப் பார்க்கவில்லை. "துணியை எடுத்துக்கொண்டு வரேக்குள்ள ஒரு மனம் கேளுங்கோ எண்டுது. மற்ற மனம், நீங்கள் கேக்கக்கூடாது எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுது. எட்டு வருசம் தம்பி, இந்த வீட்டிலை உங்கடை கதைதான். பரமன் இப்ப என்ன செய்வான், பரமனுக்கு என்ன கிடைச்சுது... கடைசியாக் கதைச்ச கதையும் அதுதான். இருபது வருசம் அவருக்குச் சோறு போட்டனான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை."

முற்றத்தில் பந்தலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கப்புக்கால் ஒன்று விழுந்து சத்தம் கேட்டது.

"எரிஞ்சுதோ?" என்று அவள் கேட்டாள்.

மடியில் குண்டு வயிற்றோடு அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்து அவள் முன்னால் வைக்கலாமா என்று யோசித்தான். அவளுக்கு அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

"ஓம் அண்ணி. முழுக்க எரிஞ்சிட்டுது."

அவள் தலையை ஆட்டிவிட்டு வெறுங்கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மத்தியானப் பஸ்ஸில் விசுவமடுவுக்கு வந்தான். கிணற்றில் தோய்ந்துவிட்டு, ஈரத்தோடு அறைக்குள் போய்ச் சுழல்தட்டின் மேலே கிடந்த சாக்கை எடுத்தான். துளைக்குள் குளவி மறுபடி கூடு கட்டியிருந்தது. அதைக் குத்தாமல், குண்டைத் துளையின் மேலே வைத்தான். குண்டின் கரி விரலில் ஒட்டியது. பின்பக்கம் போய் ஜெனரேற்றரைக் கயிறு இழுத்துக் கிளப்பிவிட்டு வந்து சுவிச்சைப் போட்டான். கனத்த தட்டு மெல்ல அசைந்து, வேகம் பிடித்து, நடுக்கமே இல்லாமல் சுற்றத் தொடங்கியது. எட்டு வருடத்தில் அவன் அதைச் சுற்றவிட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

நல்ல தட்டு. இப்படியொன்று யாரிடமும் இல்லை.

கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போய், ஆடு மாடு வராமல் கட்டியிருந்த படலைக் கயிற்றை அவிழ்த்து, படலையை அகலத் திறந்து ஒருபக்கமாகச் சாத்தி வைத்துவிட்டு வந்து, படலைப் பக்கம் காதைக் கொடுத்து இருந்தான்.