இரண்டாம் தட்டு இலைகள்

கண்ணாடிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் இலைக்கணக்கு. மூன்று தட்டுகளில் லெட்டூஸ் கீரை வளர்த்து, வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு இலையாக எண்ணுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? முதல் தட்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதற்கு செலினியம் என்கிற தாதுச்சத்து கொஞ்சமே கொஞ்சம். மூன்றாவதற்கு அள்ளிக் கொடுத்திருந்தாள். அது மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது. இரண்டாவதுதான் அவள் செல்லம், எந்த வெயிலுக்கும் வாடாது. இலைக்குள் ஆன்டிஆக்ஸிடன்ட் காவலை செலினியம் பலப்படுத்துகிறது, செடியும் நன்றாக வளர்கிறது என்று காட்டிவிட்டால் அவளுடைய ஆய்வு இன்னும் ஓராண்டு நீளும். காட்டாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உள்ளே காவல் இருந்து என்ன பயன்? வெளியே யாரோ கைவைத்துவிட்டார்கள். புதன்கிழமை எண்ணினால் இரண்டாம் தட்டில் முப்பத்தாறு இலைகளைக் காணோம். புழு கடித்த ஓட்டை கிடையாது. காம்போடு சுத்தமாகக் கிள்ளியிருந்தது.

துறைத்தலைவரிடம் ஓடினாள். அவருக்கு இடிமுழக்கம் என்று பெயர். பேசினால் பக்கத்து அறையில் சோதனைக்குழாய்கள் கிடுகிடுக்கும். மதிய சாண்ட்விச்சை மென்றுகொண்டே முழங்கினார்.

"குறைஞ்சா குறைஞ்சதுதான்! உன் செலினியம் ஒண்ணுத்துக்கும் உதவாதுன்னு அர்த்தம். பறிச்சவன் இத்தனை இலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா கணக்குல சேத்துக்கலாம். இல்லேன்னா வெள்ளிக்கிழமை தட்டைக் காலி பண்ணு!"

அன்று மாலையே கூடத்துக் கதவில் ஒரு தாள் தொங்கியது: 'செலினியம் ஏறிய இரண்டாம் தட்டு இலையைத் தின்றவர் வாயில் பூண்டு நாற்றம் வீசும். ஆறு வாரம் போகாது. தின்றவருக்கு மட்டும் அது தெரியாது.'

மறுநாள் வேலையே ஓடவில்லை. எல்லோரும் எல்லோர் முகத்திலும் ஊதிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விடுகிற அண்ணன் அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றார். "நல்லா மோந்து பாரு தங்கச்சி. நான் தொட்டிருந்தா ஏன்னு கேளு."

ஒரே ஒருவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் இடிமுழக்கம் தலையை மட்டும் ஆட்டினார். முடியாது என்று கத்த வழியில்லாததால் மூன்று பேருக்கு விடுப்பு கிடைத்துவிட்டது. அவர் கன்னத்தில் ஒரு கிராம்பு மேடிட்டிருந்தது.

இலைக்கணக்குக்குச் சிரிப்பு முட்டியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் அறைக்குள் நுழைந்தாள். அவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி நீட்டினார்: 'மருந்து உண்டா?'

"எத்தனை இலைன்னு தெரிஞ்சாத்தானே சார் சொல்ல முடியும்?"

முப்பத்தொன்பது என்று எழுதினார். அடப்பாவி, மூன்று இலை அவள் கண்ணுக்கே தப்பியிருக்கிறது! சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் தட்டுதான் முதலிடம். சீட்டிலும் ஓராண்டு நீட்டிப்புத் தாளிலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்து விழுந்தது. மை காயும்வரை காத்திருந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"பூண்டு வாடையெல்லாம் மூணாவது தட்டு மாதிரி அளவு மீறினாத்தான் சார். நீங்க தின்னதுக்கு ஒண்ணும் வராது. வாயைத் திறக்கலாம்."

வாய் திறந்தது. வேறு யாருக்கும் கேட்காத குரலில், "ருசியா இருந்துச்சும்மா" என்றார்.

அதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.