இரும்புப் புறாக்களின் ஆமென்

1.

இந்தக் கதை சிராங்கூன் ரோட்டுக் கேசட் கடை ஒன்றில், ஓர் அவமானத்தில் பிறந்தது. புக்கிட் மேராவில் குடியிருக்கும் லாசரஸ், பங்குக் கோவில் பாடகர் குழுவின் தலைவர். எழுத்தாளர் என்பது அவரே சூட்டிக்கொண்ட பட்டம். 1973இல் இங்கே 'இரும்புப் புறாக்கள்' என்றொரு தமிழ் ராக் குழு இருந்ததாகக் கற்பனை செய்து, 1984இல் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தார். கடைக்காரர் அப்துல் மஜீதிடம் படித்தும் காட்டினார்.

"பாட்டே கேக்காம பேண்டை எப்படிண்ணே நம்புறது? ஒரு டெமோ கேசட் போட்டுக் கொண்டாங்க லா, கடையில ஓட விடுறேன்."

(இதை எழுதுவதும் லாசரஸ்தான். 'நான்' என்று எழுத வெட்கம், அதனால் 'அவர்'.)

2.

தொடக்கங்கள்:

மின்னல் வெட்டிய மாலையில், கிட்டாரோடு அவன் (அடித்தாயிற்று. இந்த ஊரில் எந்த மாலையில்தான் மின்னல் வெட்டவில்லை?)

தோளில் புரண்ட முடியைப் பார்த்ததும் குமாஸ்தா, "கடைசியா போய் நில்லு" என்று*

* அந்த நாளில் முடி வளர்த்த ஆண்களுக்கு அரசாங்க அலுவலகங்களில் கடைசி இடம்தான். லாசரஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்போதே வழுக்கை.

3.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குக் கூடத்தில் பதிவு. தனியாகப் பாட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆகவே பாடகர் குழு மொத்தமும் புறாக்களாயிற்று.

"பாட்டுல தீயே தீயேன்னு எதுக்குண்ணே இத்தனை தடவை?" என்றாள் ரூபி. குழுவில் பின்வரிசைக்காரி.

"ராக்னா அப்படித்தான். கத்தும்மா."

கத்தினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பிய்த்து உதறிவிட்டார்கள்.

4.

பாட்டு முடிந்த கையோடு, பழக்கதோஷம், குழு மொத்தமும் "ஆ..." என்று இழுத்தது. லாசரஸ் தலையில் கை வைத்தார். எல்லாரும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார்கள். கண்ணை மூடியிருந்த ரூபிக்கு அது தெரியவில்லை. அவள் மட்டும் அந்த ஆமெனை மேலே கொண்டுபோய், நிதானமாக இறக்கி முடித்தாள். லாசரஸுக்கு உடம்பு சிலிர்த்தது. (இந்த வாக்கியத்தை அடித்து அடித்துத் திரும்ப எழுதியிருக்கிறார்.)

மறுபடி பாடிப் பார்த்தார்கள். அந்த வேகம் வரவேயில்லை. முதல் பதிவுதான் கதி.

"ஆமெனை மட்டும் அழிச்சிடலாம் ரூபி. அது இருந்தா கோவில் கும்பல்னு தெரிஞ்சிடும். அப்புறம் என் புறாக்களை எவன் நம்புவான்?"

"இத்தனை வருஷம் கூட்டத்தோட கூட்டமா பாடுறேண்ணே. என் குரல் தனியா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் கேட்டேன். அதையா அழிக்கப் போறீங்க?"

லாசரஸ் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

5.

முடிவு ஒன்று: ரூபி "பரவால்லண்ணே" என்று விட்டுக்கொடுக்கிறாள். (ரூபியைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: லாசரஸ் பெருந்தன்மையோடு ஆமெனை விட்டுவைக்கிறார். (லாசரஸைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு மூன்று:

6.

எழுத வரவில்லை. கேசட் இப்போது மஜீது கடையில் இருக்கிறது, கேட்டால் போடுவார். பாட்டு முடிந்ததும் "போதும் பாய்" என்று கிளம்பிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் அவள்தான் ரூபி. ஆமென் இருந்த இடத்தில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடினால், அவளுக்கு என்ன சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். லாசரஸ் அந்தப் பக்கம் வரமாட்டார்.